கீரைக்கு எப்போது உப்புப் போடுவது?

அன்புள்ள தோழி,

நலம். உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் கொத்தவரங்காய். சிரிக்காதே. பள்ளித் தோட்டத்தில் அது காய்க்கிற காய்ப்பில் என் மாலைப்பொழுதெல்லாம் பறிப்பதிலேயே போய்விடுகிறது.

போன ஆண்டு நான் போட்ட தோட்டம் மண்ணாய்ப் போன கதை உனக்குத் தெரியும். பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துத் தக்காளியும் கேரட்டும் விதைத்து, ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். இலை ஓரம் கருகி, பத்தே நாளில் எல்லாம் படுத்துவிட்டன. இந்தக் கடலோரத்தில் பிறந்தவள் நான், எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, "நண்டுக்கு ஊற்றுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறீர்களே, டீச்சர்" என்றார்.

ஊற்றுத் தோண்டச் சொன்னவரும் அவர்தான். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது என்று நான் கரும்பலகையில் படம் போடுவேன். அவருக்கு அது முழக்கணக்கு. எங்கள் இடத்தில் மூன்று முழத்தோடு நிறுத்திவிட வேண்டும், பேராசைப்பட்டு இன்னும் ஒரு முழம் இறங்கினால் கரிக்கும். பிள்ளைகள் சிரட்டையால் மோந்து மோந்து குடத்தை நிரப்புகிறார்கள். தட்டுக் கழுவுகிற தண்ணீரும் வாய்க்கால் வழியாகப் பாத்திக்கே போகிறது.

புரட்டாசியில் ஆட்டுப் புழுக்கை போட்டு மண்ணைக் கொத்தினோம். கத்திரி, கொத்தவரை, தண்டுக்கீரை, வேலியோரம் முருங்கைப் போத்து, ஒரு மூலையில் முண்டு மிளகாய். 2023-இல் நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னதிலிருந்து அந்த மூலைக்கு மட்டும் தனி மரியாதை. புழுக்கை கொடுத்த ஆடுகளே ஒருநாள் உள்ளே புகுந்து பாதிக் கீரையை மேய்ந்துவிட்டன. அதன்பிறகுதான் கருவேல முள் வைத்து அடைத்தோம்.

இந்தப் பிள்ளைகள் சூடை, நகரை, விளைமீன், பாறை என்று கண்ணை மூடிக்கொண்டு மீன் பெயர் சொல்வார்கள். அதே வாய்தான், கத்திரிக்காய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "காய்கறி வேனில்" என்றது. இப்போது ஊதாப் பூ உதிர்ந்து பிஞ்சு தலைகாட்டினால் என்னை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

முதல் சமையல் சென்ற சனிக்கிழமை. அடுப்புப் பக்கம் சத்துணவுச் சமையலர் அக்கா மட்டும். மற்ற வேலையெல்லாம் பிள்ளைகள் கையில். முருங்கைக்கீரையை முதல்நாள் இரவே துணியில் சுற்றி வைத்திருந்தோம். காலையில் உதறியதும் இலை பொலபொலவென்று உதிர்ந்தது, ஆர்க்கை மட்டும் பொறுக்கினார்கள். பெண் பிள்ளைகள் ஆயட்டும் என்று நைசாக நழுவிய இரண்டு பையன்களைப் பிடித்து நடுவில் உட்கார வைத்தேன். (உன் அண்ணன் நினைவுக்கு வந்தார்.)

பாசிப்பருப்பு வெந்ததும் கீரை போனது. குவியலைப் பார்த்து ஐந்தாம் வகுப்புக்காரி ஒருத்தி கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். கீரை வதங்கி ஒரு கைப்பிடியானது. உப்பு மட்டும் போட்டபடியே இருந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு மேலும் பருப்பை வேகவைத்துக் கொட்டி ஒருவழியாகச் சமாளித்தார். சுண்டிய பிறகுதான் உப்பு என்பதை அவள் இனி மறக்கமாட்டாள். சுற்றி நின்ற இருபது பேரும்தான். கரித்தாலும் சட்டி காலி.

1982 ஜூலையில் சத்துணவு தொடங்கியபோது தட்டும் கையுமாக நாம் வரிசையில் நின்றது நினைவிருக்கிறதா? இன்று முட்டை இருக்கிறது, 2022-இல் தொடங்கிய காலை உணவும் எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டது. எங்கள் கத்திரிக்காயும் சில நாள் அந்தச் சாம்பாரில் மிதக்கிறது. அன்று மட்டும் ஒரு துண்டுகூடத் தட்டோரம் ஒதுங்குவதில்லை.

கோடை விடுமுறைதான் எனக்குக் கவலை. விசைப்படகுக்குப் போகும் அப்பா ஒருவர், மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கரையில்தானே கிடக்கப்போகிறேன், வலை பின்னும் நேரம் போக நானே ஊற்றுகிறேன் என்கிறார். ஊற்றில் தண்ணீர் நிற்க வேண்டுமே. எதற்கும் முற்றிய கொத்தவரையையும் ஒரு கத்திரிக்காயையும் விதைக்கு விட்டிருக்கிறோம். சாம்பலில் புரட்டிக் கலயத்தில் போட்டு வைக்க வேண்டும்.

சித்திரையில் ஊருக்கு வருவாய் அல்லவா, உன் மாமியார் வீட்டுச் சுரை விதை நாலைந்து முடிந்துகொண்டு வா. கடைப் பாக்கெட் வேண்டாம், அது வீரிய ஒட்டு விதையாக இருந்தால் அதிலிருந்து எடுத்த விதை மறுமுறை அதேபோலக் காய்ப்பதில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி