கார்டில் படத்துக்குக் கீழே இருக்கும் எழுத்து

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் சேர்ந்தது பெரிய சந்தோஷம். அரசுப் பள்ளியில் படித்தவள்தானே, புதுமைப்பெண் பணத்துக்கு எழுதிப் போடச் சொல். மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை வரும்.

"எவன் ஆட்சிக்கு வந்தாலும் இலவசங்களைக் கொடுக்கத்தான் போகிறான், இதில் கட்சிக்குக் கட்சி என்ன வித்தியாசம்?" என்று கேட்டிருந்தாய். கொடுப்பதில் வித்தியாசம் குறைவுதான். குறைக்க நினைக்கும்போது எந்த வாசல் வழியாகப் போகிறார்கள் என்று பார், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எச் கார்டு ஞாபகம் இருக்கிறதா? 2001-06 அதிமுக ஆட்சியில் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை குத்தினார்கள். கௌரவ அட்டையாம். கௌரவம் உண்டு, அரிசி கிடையாது. அதே காலத்தில் விவசாயிகளின் இலவச மின்சாரத்திலும் கை வைத்தார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் திமுக கூட்டணி ஜெயித்தது. முடிவு வந்த சில நாட்களிலேயே ஜெயலலிதா இரண்டையும் வாபஸ் வாங்கினார். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் இரண்டு கழகங்களும் அதிலிருந்து ஒரே பாடத்தைத்தான் படித்தன. கையில் கார்டு வைத்திருப்பவனிடமிருந்து அரிசியைப் பிடுங்காதே. 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011-இல் இலவசம் என்று அதற்குப்பின் விலை இறங்கியதே தவிர ஏறவில்லை.

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. மத்திய அரசு கணக்கில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் 62.55 சதவீதம், நகரத்தில் 37.79 சதவீதம் பேருக்குத்தான் மானிய அரிசி. எல்லா அரிசிக் கார்டுக்கும் கொடுக்கும் மாநிலத்துக்கு இது பாதிக் கணக்கு. அதனால்தான் ஜெயலலிதா சேராமலே இழுத்தடித்தார். கடைசியில் மத்திய அரசு விலையைக் காட்டியது. சேராவிட்டால், கிலோ 8.30 ரூபாய்க்குக் கிடைத்துவந்த அரிசி 22.54 ரூபாய். 2016 நவம்பர் 1-இல் தமிழ்நாடு சேர்ந்தது. அவர் அப்போது மருத்துவமனையில் இருந்தார்.

சேர்ந்தும் எல்லாருக்கும் அரிசி என்பதை விடவில்லை, அதுதான் சாமர்த்தியம். உன் ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பார். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம், உன் அரிசிக்கு மத்திய அரசு கணக்கு எழுதுகிறது. முன்னால் 'என்' சேர்ந்திருந்தால் முன்னுரிமை இல்லாத குடும்பம். உன் பங்கை மாநிலம் தன் காசில் சமாளிக்கிறது. மூட்டை அதே மூட்டை, எடைபோடுபவரும் அதே ஆள். கோடு காகிதத்தில் இருக்கிறது, கடையில் இல்லை.

காகிதத்துக் கோடு என்றைக்காவது கடைக்கு இறங்கிவிடுமோ என்ற பயம் சும்மா வந்ததல்ல. 2017 ஜூலையில் அரசிதழில் முன்னுரிமைக்கான விதிகள் வந்தன. ஏசி இருந்தால், கார் இருந்தால், மூன்று அறையோ அதற்கு மேலோ உள்ள கான்கிரீட் வீடு இருந்தால், ஆண்டு வருமானம் 1 லட்சத்தைத் தாண்டினால் முன்னுரிமைப் பட்டியலில் இடமில்லை. தமிழ்நாடே கொதித்தது. எல்லாருக்கும் அரிசி தொடரும் என்று அமைச்சர் உடனே சொல்ல வேண்டியதாயிற்று.

இனி மகளிர் உரிமைத்தொகை. 2021 தேர்தலில் திமுக இல்லத்தரசிகளுக்கு மாதம் 1,000 என்றது, அதிமுக 1,500 என்றது. ஜெயித்தவர்கள் 2023 செப்டம்பர் 15-இல் கொடுக்கத் தொடங்கியபோது விண்ணப்பித்தவர்கள் 1.63 கோடி, தேறியவர்கள் 1.06 கோடி. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், வீட்டில் நாலு சக்கர வண்டி கூடாது. ரேஷனில் போட முடியாத கோட்டை இதில் முதல் நாளே போட முடிந்தது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர் யாரும் இல்லையே! கோடு தப்பாக விழும் இடங்களும் உண்டு. ஒரே மீட்டரில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் இருந்தால் யூனிட் தாண்டிவிடும். ஒரு கார்டுக்கு ஒரு பெண்தான் என்பதால் மாமியாரா மருமகளா என்று வீட்டுக்குள்ளேயே வழக்கு. 2025-இல் முகாம் போட்டு மறுபடி விண்ணப்பம் வாங்கினார்கள். தேர்தல் 2026-இல் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

உண்மையிலேயே ஒரு திட்டத்தை ஆளை மாற்றித் திருப்பியது என்றால் தாலிக்குத் தங்கம்தான். 2016-இல் அது 8 கிராம். 2022-இல் அதை எடுத்துவிட்டு, அந்தத் திட்டத்துக்கு இருந்த சமூகச் சீர்திருத்தவாதி மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலேயே புதுமைப்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். திருமணத்துக்குப் போன காசு கல்லூரிக்குப் போகிறது. எனக்கு இது நல்ல மாற்றமாகவே படுகிறது. ஆனால் அதை எப்படிச் செய்ய முடிந்தது? அடுத்த வருஷம் கல்யாணமாகப் போகும் பெண்ணுக்குக் கார்டு கிடையாது, சங்கம் கிடையாது. ஏற்கெனவே விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள்.

உங்கள் வீட்டுக் கார்டில் 'என்' இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுது. தம்பி வீட்டு மீட்டரைத் தனியாகப் பிரித்தாயிற்றா?

அன்புடன்,
உன் பழைய நண்பன்