தகவல்களை இணைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் கடலோரத்தைப் பற்றி ஒவ்வொரு துறையும் வைத்திருக்கும் தகவல்களை ஒரே கணினி அமைப்பில் இணைக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார்கள். வேண்டியதுதான். ஆனால் ஒரே பெயர் வரும் இடங்களை மென்பொருளே தேடி ஒட்டிவிடும் என்பது போலச் சொல்லியிருப்பதுதான் இடிக்கிறது.

பூவரசன்பட்டித் தீவையே எடுத்துக்கொள்வோம். 1986-இல் அறிவித்த மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அதுவும் ஒன்று. கீழக்கரைப் பக்கம் இருந்தது, இப்போது தண்ணீருக்குள் போய்விட்டது. வனத்துறைக் கணக்கில் அது பூங்காவின் ஒரு பகுதி, அதாவது சட்டம் போட்ட எல்லை. கடல் ஆய்வாளருக்கோ அது மணலும் பவளக்கல்லும் சேர்ந்த மேடு. மேடு மூழ்கினாலும் எல்லை மூழ்காது. பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கினால், இருக்கிறது என்றும் இல்லை என்றும் ஒரே பதிவு சொல்லும்.

இதற்குத்தான் அடிப்படை ஆன்டாலஜிகள் இருக்கின்றன. ஆன்டாலஜி என்றால், எது எந்த வகை என்று கணினிக்குப் புரியும்படி எழுதிய வகைப் பட்டியல். எந்தத் துறைக்கும் பொதுவான மேல்மட்ட வகைகளை மட்டும் அவை வகுத்துத் தரும். படகு, மீன், ஆள் மாதிரி நிலைத்திருப்பவை ஒரு பக்கம். மீன்பிடிப் பயணம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் மாதிரி காலத்தில் நடந்து முடிபவை இன்னொரு பக்கம். ஒன்றே இரண்டிலும் வர முடியாது என்பது விதி. எனவே இரு துறைப் பட்டியல்களையும் முதலில் இந்த வகைகளின் கீழ் கொண்டுவந்துவிட்டால், ஒரு துறையின் 'மீன்பிடிப்பு' கடலுக்குப் போன வேலையாகவும் இன்னொன்றில் அது கரைக்கு வந்த மீனாகவும் இருக்கும்போது, இரண்டையும் இணைக்கப் பார்த்தால் முரண் என்று மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும்.

பிஎஃப்ஓ (Basic Formal Ontology) என்ற அடிப்படை ஆன்டாலஜி 2021-இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகவே வந்துவிட்டது. இத்தாலியில் உருவான டோல்சே (DOLCE) என்ற இன்னொன்றும் உண்டு. ஆனால் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டால் பழைய கதைதான். டோல்சேயில் அருவப் பொருள்களுக்குத் தனி வகை இருக்கிறது, பிஎஃப்ஓவில் இல்லை. எல்லாத் துறைகளும் பேசி ஒன்றை எடுக்கட்டும்.

அப்புறம், இந்த வகைப் பட்டியல் தவறான இணைப்பைத் தடுக்குமே தவிர, சரியானதைத் தேடித் தராது. கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்ற இரண்டு கடற்பாசிகளும் மேல்மட்டத்தில் ஒரே வகைதான். எது எதுவென்று சொல்ல, பாசி எடுக்கும் பெண்கள் சிலரையும் கூலி கொடுத்து அந்தக் கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மண்டபம்