மணிகரணிலிருந்து வீடு திரும்பினோம்: ஒரு நன்றி மடல்

மந்தைவெளி, சென்னை
ஜூலை 2023

எங்களுக்காகக் கவலைப்பட்ட அனைவருக்கும் வணக்கம்.

நானும் அம்மாவும் நேற்று முன்தினம் இரவு நலமாக வீடு வந்து சேர்ந்தோம். இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் மழையிலும் வெள்ளத்திலும் நடந்தவற்றைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றைத் திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

பார்வதி தேவி தொலைத்த காதணியின் மணி நீரோடு பொங்கி மேலே வந்த இடமென்று சொல்லப்படும் மணிகரணில் ஒருமுறை நீராட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. ஊற்றின் வெந்நீரைக் குளியல் தொட்டிகளுக்குக் கொண்டுவந்து, அதை நம்பியே விடுதிகள் நடக்கும் சிறிய மலையூர் அது. கீழேயுள்ள பூந்தர் நகரம் வரையிலான சுமார் 35 கிலோமீட்டர் பாதை துண்டிக்கப்பட்டு, மின்சாரமும் கைப்பேசியும் அடங்கிய பிறகு, 74 வயது அம்மா ரொட்டியை மெல்ல முடியாமல் இரண்டு நாட்கள் தேநீரில் நனைத்த பிஸ்கட்டிலேயே காலம் தள்ளினார். எல்லோரும் தவித்த வேளையில் சோறு கேட்க எனக்கு நா எழவில்லை.

தொடாமல் திரும்பிய தட்டைக் கவனித்தவர் நாங்கள் தங்கிய விடுதியை நடத்தும் தீதிதான் (இந்தியில் அக்கா). "மாதாஜி என்ன சாப்பிடுவார்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் "சாவல்" என்றேன். சமையல் எரிவாயு தீர்ந்திருந்தது. அதை ஒரு தடையாகவே அவர் எண்ணவில்லை. அரிசியை வெள்ளைத் துணியில் முடிந்து, கயிறு கட்டி, கொதிக்கும் ஊற்றில் இறக்கிவிட்டு, அரைமணி நேரம் கழித்துச் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். ஒரு பருக்கையை விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்தார். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் முடிச்சை மறுபடி இறுக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். இரண்டாம் முறை பருக்கை விழுதாக மசிந்த பிறகே, உப்பும் தயிரும் சேர்த்து அம்மாவின் கையில் கிண்ணத்தைக் கொடுத்தார். பாதை திறக்கும் வரை ஒவ்வொரு நண்பகலும் அந்தக் குழைந்த சாதம் வந்தது.

அதே ஊற்று நீரில் பருப்பும் சோறும் வேகவைத்து, யார் எவரென்று கேளாமல் பரிமாறிய, சீக்கியர் கோயிலான குருத்வாராவின் சேவகர்களுக்கும், இரவு பகலாகப் பாதையைச் சீரமைத்த தொழிலாளர்களுக்கும், அம்மாவைக் கைத்தாங்கலாக வண்டிவரை அழைத்து வந்த இளைஞர்களுக்கும், எங்கள் வீட்டு வாசலில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்ட அடுக்ககத்தாருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

திரும்பும் வழியெல்லாம் 2015 டிசம்பர் வெள்ளம் நினைவில் வந்துகொண்டே இருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் தங்கியிருந்த வடமாநிலக் கட்டடத் தொழிலாளர்களுக்குப் புளிசாதப் பொட்டலங்களைக் கொடுத்தோம். ஒருவர் தயங்கித் தயங்கி "ரொட்டி கிடைக்குமா?" என்றபோது, கிடைத்ததை உண்ணக்கூடாதா என்று நான் முகம் சுளித்தேன். அந்த முகத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது. இனி எவருக்கேனும் உணவு கொடுக்க நேர்ந்தால், அவருக்கு எது இறங்கும் என்று கேட்ட பிறகே அடுப்பைப் பற்றவைப்பேன்.

கிளம்பும்போது தீதியிடம் பணம் நீட்டினேன். என் விரல்களை மடக்கித் திருப்பிவிட்டார். அரிசி முடிந்த துணியை மட்டும் அம்மா கேட்டு வாங்கி வந்திருக்கிறார். துவைத்து மாடிக்கொடியில் உலர்த்தியிருக்கிறோம். அஞ்சல் போகத் தொடங்கியதும், அதில் ஒரு கிலோ பொன்னி அரிசியை முடிந்து மணிகரணுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்.