சிலிக்கான் பேட்டரி போன் விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மதுரையில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஓர் அம்மா பிரிக்கப்படாமலே கிடந்த ஒரு சிலிக்கான் பேட்டரி போனைக் கொண்டுவந்தார். சவூதியில் வேலை பார்க்கும் கணவர் விடுமுறைக்கு வந்தபோது மகளுக்கு வாங்கியது. பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்று பீரோவில் வைத்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் பேட்டரி உப்பி, பின்மூடி எழும்பி நிற்கிறது. சர்வீஸ் சென்டரில் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்களாம். சார்ஜ் போடாமல் வைத்தது உங்கள் தவறு என்றும் சொல்லியிருக்கிறார்கள். "நாங்க இதைத் தொடவே இல்லையே தம்பி" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

சார்ஜ் போடும்போது லித்தியத்தைச் சேர்த்து வைக்க வழக்கமான பேட்டரியில் கிராஃபைட் இருக்கும், உங்கள் பேட்டரியில் அதோடு சிலிக்கானும் இருக்கிறது. கிராம் ஒன்றுக்கு கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி தாங்கும், சிலிக்கான் 3,500-க்கும் மேல். அதனால்தான் மெல்லிய போனிலும் பெரிய பேட்டரி வருகிறது. ஆனால் லித்தியம் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் பருக்கிறது, அதன் மேல் படிந்த காப்புப் படலம் கிழிகிறது. அதைச் சரிக்கட்டத்தான் பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவத்தில் புளோரோஎத்திலீன் கார்பனேட் என்ற சேர்மத்தைச் சேர்க்கிறீர்கள். நல்ல சேர்மம்தான், ஆனால் செலவாகிக்கொண்டே இருக்கும், அப்போது வாயுவும் வரும். போன் சும்மா கிடந்தாலும் படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, அதை ஒட்டுப்போட இந்தச் சேர்மமும் லித்தியமும் செலவாகின்றன. எங்கள் ஊர் மே மாத வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் இது இன்னும் வேகமாக நடக்கும். அமெரிக்க எரிசக்தித் துறையே இந்த இருப்பு ஆயுளை, அதாவது சும்மா வைத்தால் பேட்டரி எவ்வளவு காலம் தாங்கும் என்பதை, தனிச் சிக்கலாக எடுத்து, பல ஆய்வுக்கூடங்களைச் சேர்த்து வேலை வாங்கியிருக்கிறது.

விளம்பரத்தில் எத்தனை முறை சார்ஜ் போடலாம் என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். சும்மா வைத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று எங்கேயும் இல்லை. நான் கேட்பது அதைத்தான்: பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் செல் தயாரான தேதியையும் இருப்பு ஆயுளையும் பெட்டியில் அச்சிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களில் பேட்டரி தயாரான தேதியையும் முதலில் பயன்படுத்திய தேதியையும் செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். 800 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் கொள்ளளவு இருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். பாக்கெட் பாலில்கூடத் தேதி பார்த்து வாங்கும் எங்களுக்கு, முப்பதாயிரம் ரூபாய் பொருளின் உள்ளே இருக்கும் செல் எப்போது பிறந்தது என்று தெரியாது. உதிரி பேட்டரி வாங்கினால் அதன் மேல் இருக்கும் குறியீட்டை நாங்கள்தான் ஊகிக்க வேண்டும். வாடிக்கையாளரின் திட்டு எங்களுக்கு, லாபம் வேறு யாருக்கோ.

சரி, கோபத்தை விடுகிறேன். தயவுசெய்து செல் தேதியையும் இருப்பு ஆயுளையும் அச்சிடுங்கள். எத்தனை சதவீத சார்ஜில், எவ்வளவு சூட்டுக்குள் வைக்கலாம் என்று அதன் கீழேயே தமிழில் ஒரு வரி போடுங்கள். பிரிக்காத பெட்டிக்குள் உப்பிய பேட்டரியைப் பணம் கேட்காமல் மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு போன் மெக்கானிக்