நான் வாசிக்க மறுத்த அத்தியாயம்

கோவையிலிருந்து வந்த அன்புத் தங்கைக்கு,

நீங்களும் மகனும் நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினம் கடற்கரையில் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் திரும்பி நடந்துவிட்டேன். உடன் நடந்த பத்துப் பேரும் அதைப் பார்த்தார்கள். அதனால் இதையும் எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

அன்று நீங்கள் இரண்டு விஷயம் கேட்டீர்கள். முதலாவது, வெளிப்பாளையத்தில் நின்றபோது கேட்ட "விகாரம் எங்கே, ஐயா?" என்ற கேள்வி. கையில் 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகம் வைத்திருந்தீர்கள். நான் "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு எல்லோரையும் டீக்கடைக்கு அழைத்துப் போனேன். பொன்னியின் செல்வன் நடை என்று சொல்லி ஆள் சேர்த்துவிட்டு, அதில் வருகிற பௌத்த மடமான சூடாமணி விகாரத்துக்கு மட்டும் "இல்லை" என்றால் யாருக்குத்தான் ஏமாற்றமாக இருக்காது? ஓய்வுபெற்ற தமிழாசிரியன் செய்கிற காரியமில்லை அது. பாக்கி வைத்த பதிலை இப்போது சொல்கிறேன்.

விகாரம் இருந்தது. கடல் கடந்து சுமத்ரா பக்கம் இருந்த ஸ்ரீவிஜயத்தின் அரசன் சூளாமணிவர்மன் தொடங்க, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்தது. அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், விட்டுக்கொடுத்தான். அப்பன் வாயால் சொன்னதைப் பிள்ளை ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான். 21 ஏடுகள், வளையத்தோடு சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. டச்சுக்காரர்கள் கைக்குப் போய், நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆனைமங்கலம் இன்றும் இருக்கிறது, கீழ்வேளூர் பக்கம். நாவலில் வருகிற ஆனைமங்கலமும் அதுதான்.

கூர்ந்து படிக்கிற உங்கள் மகன் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் என்னை மடக்குவான். கதை நடப்பது சுந்தர சோழர் காலத்தில். பின்னால் ராஜராஜனாகப் போகும் அருள்மொழிவர்மர் இன்னும் முடிசூடாத இளைஞர். செப்பேடு சொல்லும் விகாரமோ அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. கல்கி அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவைத்திருக்கிறார். காய்ச்சலில் கிடந்த இளவரசரைக் கோடிக்கரையிலிருந்து பூங்குழலியும் சேந்தன் அமுதனும் கால்வாய் வழியே படகில் கொண்டுவந்து சேர்க்க ஓர் இடம் வேண்டுமே. வகுப்பில் இதைப் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஐந்தாம் பாகத் தொடக்கத்தில் கடலைப் பொங்கவிட்டு அந்த விகாரத்தை வெள்ளத்தில் மூழ்கடிக்கிறார் அல்லவா? பின்னால் வரப்போகும் உண்மையான விகாரத்துக்கு அப்படி இடம் ஒழித்துக் கொடுத்தார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர் அவர். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வாரம் தவறாமல் எழுதியவருக்கு இந்த உரிமைகூட இல்லையா?

இருந்தது எப்படி இல்லாமல் போனது என்பதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிற கதை. விகாரத்தின் மிச்சம் என்று கருதப்படும் புதுவெளிக் கோபுரம் என்ற மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இங்கே நின்றது. கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளம். 1846இல் வால்டர் எலியட் என்ற கம்பெனி அதிகாரி வந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அந்த நிலம் ஏசு சபையினரின் கல்லூரி வசம் இருந்தது. அவர்கள் இடிக்க அனுமதி கேட்டார்கள், அரசாங்கம் கொடுத்தது, 1867இல் இடித்தார்கள். பதினாறு ஆண்டு கழித்து, 1883இல், கல்லூரியும் மூட்டை கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டது. தோண்டத் தோண்டக் கிடைத்த செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. புத்தரைப் பார்க்க வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். இவ்வளவையும் தெருவில் நின்று சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் குரல் ஏறிவிடும். அதனால்தான் டீக்கடை.

ஆனால் ஒன்றைக் காட்டத் தவறிவிட்டேன், மன்னியுங்கள். நீலாயதாட்சி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தோமே, அங்கே காயாரோகணசுவாமிக்கு ஸ்ரீவிஜய அரசன் தந்த கொடைகளைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. புத்தருக்கு விகாரம் எழுப்பிய அரச குலம் சிவனுக்கும் கொடை அனுப்பியிருக்கிறது. விகாரத்தைத் தேடி வருகிறவர்களை முதலில் அந்தச் சுவரின் முன்னால்தான் நிறுத்த வேண்டும். நானோ "சோறு எங்கே விக்கும்?" என்று கேட்ட காளமேகத்துக்கு "தொண்டையில் விக்கும்" என்று பதில் சொன்ன நாகைச் சிறுவர்களின் கதையைச் சொல்லி நேரத்தைப் போக்கிவிட்டேன். உங்கள் மகன் சிரித்தான், அதுவரை சரி.

துறைமுகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இலங்கையிலிருந்து திரும்பிய இளவரசருக்கு டிக்கெட் தேவைப்படவில்லை, நமக்குத் தேவை.

இனி இரண்டாவது. மணலில் உட்கார்ந்ததும் புத்தகத்தைப் பிரித்து, "'கடல் பொங்கியது' அத்தியாயத்தை உங்கள் குரலில் இங்கேயே வாசியுங்கள், ஐயா" என்றீர்கள். வேறு எங்கிருந்து வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். கடலைப் பார்த்துக்கொண்டே கடல் பொங்குவதைக் கேட்பது எவ்வளவு பொருத்தம்! வகுப்பில் ஆண்டுதோறும் வாசித்திருக்கிறேன். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து என் அப்பா பைண்டு செய்துவைத்த பாகங்கள், மணியம் வரைந்த படங்களோடு. காற்று வரும் இடத்தில் குரலைத் தாழ்த்துவேன், அலை வரும் இடத்தில் மேசையில் ஓங்கி அடிப்பேன். கடைசி பெஞ்சுப் பையன்கள் துள்ளி எழுவார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் மட்டும் சிரிப்பார்கள். "கடல் அப்படியெல்லாம் ஊருக்குள்ளே வராது, சார்" என்பார்கள். கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா என்று நானும் ஒத்துக்கொள்வேன்.

2004 டிசம்பர் 26ஆம் தேதியும் ஞாயிற்றுக்கிழமைதான். அரையாண்டு விடுமுறை. வீட்டுத் திண்ணையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காலையில் தெருவில் ஆட்கள் மேற்கே ஓடினார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒருவரும் நின்று பதில் சொல்லவில்லை. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். பள்ளி திறந்து விடைத்தாள் கொடுத்தபோது ஐந்து தாள்களை வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை. அதில் ஒன்றில் மூன்று மதிப்பெண் குறைத்திருந்தேன், சந்திப்பிழைக்காக.

அதற்குப் பிறகு அந்த அத்தியாயத்தை நான் வாசிக்கவில்லை, வீட்டில்கூட. கல்கி மேல் குறை ஒன்றும் இல்லை; தலைமை பிக்ஷுவைக் காப்பாற்ற இளவரசர் வெள்ளத்தில் இறங்குகிறார், காப்பாற்றியும் விடுகிறார். இதை உங்களிடம் நேரில் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் அக்கரைப்பேட்டைக்காரர், என் மாணவன் ஒருவனின் தகப்பனார். அவர் காதில் விழ எனக்குச் சொல்ல வரவில்லை.

தை மாதம் மீண்டும் வாருங்கள். வெயில் குறைவாக இருக்கும். கோயில் கல்வெட்டு, ஆனைமங்கலம், இரண்டும் என் பொறுப்பு. கீழ்வேளூர் வரை பஸ் இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ. கடற்கரையில் அந்த அத்தியாயத்தை உங்கள் மகன் வாசிக்கட்டும். நல்ல குரல் அவனுக்கு. நான் அதுவரை டீக்கடையில் இருக்கிறேன்.

அன்புடன்,
வெளிப்பாளையத்து அண்ணன்