ஆண்டறிக்கை: எதெல் ஸ்பவர்ஸின் கண்காட்சிகளைத் தேடிப்போன வருடம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த அறிக்கையில் பெரும்பகுதி ஒரே ஒருவரைப் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் வருடம் முழுக்க நம் வட்டம் செய்த வேலையும் அதுதான். மெல்பர்னில் பிறந்து இங்கேயே மறைந்த அச்சுக்கலைஞர் எதெல் ஸ்பவர்ஸ் (1890–1947) தன் படங்களை எங்கெங்கே மக்கள் முன் வைத்தார் என்று தமிழில் ஒரு பட்டியல் தயாரித்தோம். நிர்வாக விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன்: மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன, சந்தாவில் மாற்றமில்லை, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

சரி, பட்டியலுக்கு வருவோம். முதல் தனிக்கண்காட்சி 1920இல், மெல்பர்ன் நகருக்குள் இருந்த டெக்கரேஷன் கேலரியில். அதில் இருந்தவை தேவதைக் கதை ஓவியங்கள். மறுவருடம் லண்டன் மெக்ரே கேலரியில், மேரி ரெய்னால்ட்ஸ் என்ற இன்னொரு ஆஸ்திரேலிய ஓவியருடன் சேர்ந்து ஒன்று. ஊர் திரும்பிய பிறகு 1925இலும் 1927இலும் மெல்பர்ன் நியூ கேலரியில் தனிக்கண்காட்சிகள். மர அச்சும் லினோ அச்சும் (லினோலியம் தகட்டில் படத்தைச் செதுக்கி அச்செடுப்பது, லினோகட் என்பதும் இதுதான்) அதற்குள் செய்யத் தொடங்கியிருந்தாலும், ஊர் அவரைக் கதைப்புத்தகப் படம் வரைபவராகவே பார்த்தது. இந்த நான்கு வரிகளைத் தாண்டினால்தான் இன்று நாம் தேடிப்போகும் ஸ்பவர்ஸ் வருகிறார்.

திருப்பம் ஒரு புத்தகத்தால் வந்தது. கிளாட் ஃப்ளைட் என்ற ஆங்கிலேய அச்சுக்கலைஞர் 1927இல் வெளியிட்ட லினோகட் கையேட்டைத் தோழி ஈவ்லின் சைம் கண்டெடுத்தார். சைம் குடும்பம் ‘ஏஜ்’ பத்திரிகைக் குடும்பம், ஸ்பவர்ஸின் அப்பாவோ போட்டிப் பத்திரிகையான ‘ஆர்கஸ்’ உரிமையாளர்களில் ஒருவர். வீடுகளுக்கு இடையே இருந்த தொழில் போட்டி இந்த நட்பைத் தொடவே இல்லை, எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். 1929இல் ஸ்பவர்ஸ் லண்டன் கிராஸ்வெனர் கலைப்பள்ளியில் ஃப்ளைட்டிடம் படித்தார், சைமும் அங்கே வந்து சேர்ந்தார். சாதாரண ஆள் பீருக்கும் சினிமா டிக்கெட்டுக்கும் கொடுக்கிற காசுக்கு நல்ல படம் ஒன்றை வாங்க முடியவேண்டும் என்பது ஃப்ளைட்டின் கொள்கை.

அந்த முறையை நம் பட்டறையில் பலரும் செய்து பார்த்தீர்கள், எனவே சுருக்கமாகவே சொல்கிறேன். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி லினோ கட்டை. முழு உருவத்துக்கும் கோடு போட்டுக் கொடுக்கும் தாய்க்கட்டை கிடையாது, நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துதான் உருவமே வரும். மெல்லிய தாளை மேலே வைத்துக் கையால் தேய்க்கவேண்டும், இயந்திரம் வேண்டாம். தாள் ஒரு நூல் நகர்ந்தாலும் நிறம் வெளியே போய்விடும். இதைக் கையால் செய்து பார்த்த பிறகு ‘வெட் ஆஃப்டர்நூன்’ (1930) படத்தில் அடுக்கடுக்காக நிற்கும் குடைகளைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் வெகுநேரம் கலைந்து போகவில்லை. என்னைக் கேட்டால் இந்த வருடத்தின் நல்ல மாலை அதுதான்.

பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படும் வரி 1930 டிசம்பர். மெல்பர்னில் எவ்ரிமேன்ஸ் என்ற வாடகை நூலகத்தில் ஸ்பவர்ஸ், சைம், ஃப்ளைட்டிடம் படித்த இன்னொரு ஆஸ்திரேலியரான டோரிட் பிளாக் ஆகியோரின் லினோகட்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. புத்தகம் எடுக்க வருகிறவர் கண்ணில் படும்படி, புத்தகங்களுக்கு நடுவே படங்கள்! அதே வருடம் ஏப்ரலில் ‘ஆஸ்திரலேசியன்’ வார இதழில், புதிய கலையைப் புரிந்துகொள்ளாமல் கண்டிக்க வேண்டாம் என்று ஸ்பவர்ஸ் கட்டுரையே எழுதியிருந்தார். எழுதியவர் அத்தோடு நிற்காமல் படங்களையும் ஊர் நடுவில் கொண்டுவந்து வைத்தார். ஸ்பவர்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் லண்டன் ரெட்ஃபர்ன் கேலரியைத்தான் முன்னால் வைக்கிறார்கள். அவர் படங்கள் அங்கே தொடர்ந்து காட்டப்பட்டதும், பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும் வாங்கியதும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த ஊரில் நவீன அச்சுக்கலைக்குப் பார்வையாளர்களை உண்டாக்கியது அந்த நூலகம் போன்ற சின்ன இடங்கள், அதனால் நம் பட்டியலில் அவற்றுக்கும் பெரிய கேலரிகளுக்குச் சமமான இடம் கொடுத்திருக்கிறோம்.

1932இல் மெல்பர்ன் ஓவியர் ஜார்ஜ் பெல்லின் சமகாலக் கலைக்குழு தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் அவரும் ஒருவர், அதன் கண்காட்சிகளில் ஒழுங்காகக் கலந்துகொண்டார். ‘ஸ்விங்ஸ்’, யாலூர்ன் மின்நிலையப் படம், ‘ஸ்கூல் இஸ் அவுட்’ எல்லாம் இந்தச் சில வருடங்களுக்குள் வந்தவை. முப்பதுகளின் கடைசியில் உடல்நலம் கெட்டுக் கலையை நிறுத்திவிட்டார், குழந்தைகள் மருத்துவமனையில் செய்த தொண்டை மட்டும் விடவில்லை. தன் ஓவியங்களில் பலவற்றைத் தானே தீயிலிட்டு எரித்தும் விட்டார், இதைப் படித்த நாளில் எனக்கு மனம் ஆறவில்லை. 1947 மே 5 அன்று புற்றுநோயால் இறந்தார். அடுத்த வருடம் ஜார்ஜஸ் கேலரியில் நினைவுக் கண்காட்சி வைத்தார்கள்.

அதற்கப்புறம் பட்டியல் மெலிந்து போகிறது. 1992இல் கான்பெரா தேசியக் காட்சியகம் நடத்திய பெரிய லினோகட் கண்காட்சியில் அவர் படங்கள் இருந்தன, ஆனால் தலைப்பே ‘கிளாட் ஃப்ளைட்டும் அவரைப் பின்பற்றியவர்களும்’. 2019இல் லண்டன் டல்விச் காட்சியகம். 2021இல் தொடங்கிய தேசியக் காட்சியகத்தின் பயணக் கண்காட்சிக்குத்தான் ‘ஸ்பவர்ஸ் அண்ட் சைம்’ என்று இரு பெண்களின் பெயரையே வைத்தார்கள், அது 2022இல் நம் பக்கத்து ஜீலாங்குக்கும் வந்தது. ஆசிரியரின் நிழல் இல்லாமல் இந்தப் பெயர் வாசல் பலகைக்கு வர இத்தனை காலம் ஆகியிருக்கவே கூடாது.

பழைய செய்தித்தாள்களை ட்ரோவ் என்ற ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பொறுமையாகத் தேடிய நண்பர்களுக்கு நன்றி. முழுப் பட்டியல் அச்சிட்டு மேசையில் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனது ஏதாவது கண்ணில் பட்டால், எந்த இதழ், எந்தத் தேதி என்று குறித்து அனுப்புங்கள். வரும் வருடம் ஈவ்லின் சைமுக்கு இதேபோல் ஒரு பட்டியல் தயாரிக்கச் செயற்குழு முன்மொழிகிறது. இன்றைக்கே அதை வாக்கெடுப்புக்கு விடுகிறோம்.

— செயலாளர்