டயர் சோதனை குறித்து உறுப்பினர்களுக்கு

வணக்கம். பாம்பன் பாலம் கடந்து தனுஷ்கோடி வரை கார் ஓட்டிச் செல்லும் உறுப்பினர்கள், புறப்படும் முன், டயர் சூடேறாத நிலையிலேயே காற்றழுத்தத்தை அளந்து, ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் அளவுக்குச் சரிசெய்துகொள்ள வேண்டுகிறோம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச அளவே தவிர, நிரப்ப வேண்டிய அளவன்று. மணலில் சிக்கிக் காற்றை இறக்கியவர்கள், மீண்டும் நிரப்பாமல் தார்ச்சாலையில் வேகமெடுத்தால், பக்கச்சுவர் அளவுக்கு மீறி வளைந்து சூடேறி டயர் வெடிக்கக்கூடும். பட்டன், அதாவது சாலையைத் தொடும் பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம், 1.6 மி.மீ.க்கும் கீழே தேய்ந்திருந்தால் டயரை மாற்றிவிடுங்கள். உப்புக்காற்றில் இரும்பு ரிம் துருப்பிடித்து, அதன் விளிம்பு வழியே காற்று மெல்லக் கசிவதுண்டு என்பதால், வீடு திரும்பியதும் சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நம் மாவட்டத்தில் அதன் அருமை தெரிந்தே சொல்கிறேன், இரண்டு வாளி போதும். ஸ்டெப்னியின் காற்றையும் பாருங்கள்; நானே பலமுறை மறந்திருக்கிறேன்.